உறைந்த குருதியும் உருகும் உள்ளங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

இத்தாலியின் தென்பகுதியிலே, கடலுக்கும் வெசுவியஸ் எரிமலைக்கும் இடையே அமைந்துள்ளது நேப்பிள்ஸ் மாநகரம். கத்தோலிக்க சமயம் வேரோடிய பழம்பெரும் நகரங்களுள் இதுவும் ஒன்று. இந்நகரின் காவலராக மக்கள் போற்றுபவர் புனித ஜென்னாரோ. பெனவெந்தோ நகரின் ஆயரான இவர், கி.பி. 305-இல் டயோக்ளீஷியன் ஆட்சியில் தலை வெட்டுண்டு இறந்தார் என்பது மரபு. அவருடைய குருதி என நம்பப்படும் கருஞ்சிவப்புப் பொருள், கண்ணாடிக் குப்பியில் அடைக்கப்பட்டுப் பேராலயத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஆண்டுக்கு மூன்று முறை அக்குப்பி மக்கள் முன் எடுத்துவரப்படும். மே மாத முதல் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, வெள்ளியாலான புனிதர் சிலைகளுடன் சாந்த்தா கியாரா ஆலயத்திற்கு ஊர்வலம் செல்லும். செப்டம்பர் 19 புனிதரின் திருநாள். டிசம்பர் 16, 1631-ஆம் ஆண்டு வெசுவியஸ் வெடித்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது நகரம் தப்பிய நினைவு நாள். அந்நாட்களில் குப்பியைச் சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக இருந்தது நீர்மமாக அசைந்தால், வெள்ளைக் கைக்குட்டை அசைத்து அறிவிப்பார்கள். ஆலயம் ஆரவாரத்தில் அதிரும். தாமதமானாலோ, 'புனிதரின் உறவினர்' எனப்படும் மூதாட்டியர் முன்வரிசையில் நின்று, பொன்முலாம் பூசிய அவர் சிலையை நோக்கி, "மஞ்சள் மூஞ்சிக்காரா!" என்று உரிமையோடு ஏசுவார்களாம். நம் நிந்தாஸ்துதியே நினைவுக்கு வருகிறது!

இந்நிகழ்ச்சி பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1389-ஆம் ஆண்டினது. 1527-இல் கொள்ளை நோயும் போரும் வாட்டிய வேளையில், தம்மைக் காத்தால் தனிக் கோயில் எழுப்புவதாக நகர மக்கள் புனிதருக்குப் பத்திரமே எழுதிக் கொடுத்தனர். அக்கோயிற்பணி 1608-இல் தொடங்கிற்று.

இனி வேதியியலுக்கு வருவோம். சில கூழ்மங்கள் அசையாதிருக்கையில் இறுகியும், அசைத்தால் இளகியும், மீண்டும் ஓய்ந்தால் இறுகியும் போகும். இதனைத் 'திக்சோட்ரோப்பி' என்பர். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. கெட்டியாகத் தெரியும் வயற்சேறு, மிதிக்க மிதிக்க இளகுவதை அறிவோம். 1991-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் மூவர், இரும்புக் குளோரைடு, சுண்ணாம்புக் கார்பனேட்டு, சமையல் உப்பு ஆகியவற்றைக் கொண்டு, அவ்வாறே இறுகி இளகும் செந்நிறக் கூழ்மம் ஒன்றைச் செய்து, 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இவை இடைக்காலத்திலும் கிடைத்திருக்கக்கூடிய பொருள்களே. ஆனால், குப்பியைத் திறந்து சோதிக்க அனுமதியில்லை. ஆதலின் இது கருதுகோளே, நிரூபணம் அன்று. திருச்சபையும் இதனை அதிகாரபூர்வமாக 'அற்புதம்' என அறிவித்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உருகாவிடில் நகருக்குக் கேடு என்பது மக்கள் நம்பிக்கை. கொரோனா பரவிய 2020-இல், நகரமே முடங்கியிருந்த மே மாதத்தில் உருகிற்று, செப்டம்பரிலும் உருகிற்று, டிசம்பரில் உருகவில்லை. சகுனக் கணக்கு இங்கே பொருந்தவில்லை.

அப்படியானால் அந்தத் திருவிழா வீணா? இக்கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியன்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். அம்மன் கோயில் கொடைக்கு முதல் நாள் என் தாயார் கேட்டார்: "ஏம்ப்பா, படிச்சவங்க எல்லாரும் சாமி இல்லேன்னுதான் சொல்லணுமா?" அன்று நான் விடை கூறவில்லை.

நேப்பிள்ஸைப் பற்றிப் படித்த பின் ஒன்று விளங்குகிறது. குப்பிக்குள் இருப்பது என்ன என்பது வேதியியலின் வினா. அதற்குச் சோதனையே விடை தரவேண்டும். கூட்டம் ஏன் கூடுகிறது என்பது வேறு வினா. அதற்கு எரிமலையும் கொள்ளை நோயும் விடை தருகின்றன. ஒன்றுகூடி அஞ்சியவர்கள் ஒன்றுகூடி மகிழ்கிறார்கள். நியூயார்க்கில் குடியேறிய நேப்பிள்ஸ் மக்கள், அந்தக் குப்பி அங்கே இல்லாதபோதும், 1926 முதல் இத்திருவிழாவைக் கொண்டாடத் தொடங்கியது இதற்குச் சான்று.

எனவே தாயாருக்கு நான் சொல்ல விழைவது இதுவே: "அம்மா, கேள்வி கேட்கத்தான் என்னைப் படிக்க அனுப்பினீர்கள்; அதை நான் விடமாட்டேன். கொடைக்கு உங்களோடு வருவதையும் விடமாட்டேன்."