எந்த மொழியில் மனம் திறப்பது?

போரினால் இடம்பெயர்ந்து கனடாவில் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அம்மாவை மருத்துவரிடம் கூட்டிச்செல்லும் மகளோ மகனோ மொழிபெயர்ப்பாளராக அருகில் அமர்ந்துகொள்வார். மூட்டுவலிக்கும் நீரிழிவுக்கும் அது போதும். ஆனால் 1983 ஜூலையில் கொழும்பில் கண்டதையோ, 2009இல் முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்ததையோ ஒரு தாய் தன் பிள்ளையின் வாய்வழியாகச் சொல்வாரா? "ஒண்டுமில்லை, நித்திரைதான் குறைவு" என்று முடித்துவிடுவார். மருத்துவரும் நித்திரைக் குளிசை எழுதிக் கொடுப்பார்.

தமிழும் ஆங்கிலமும் அறிந்த உளவளத்துணையாளர் இணையவழி கிடைப்பதன் அருமை இங்கேதான் நமக்குப் புரிகிறது. 2020இல் கொரோனா வந்தபின் காணொளி வழி ஆலோசனை பரவலாயிற்று. ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தண்டர் பேயில் இருப்பவரும் இன்று ஸ்காபரோவில் உள்ள தமிழ் உளவளத்துணையாளரோடு பேசலாம்.

"நெஞ்சு படபடக்குது", "தலை விறைக்குது", "மனம் ஒரு நிலையில் இல்லை" என்றுதான் நம்மவர் பதற்றத்தைச் சொல்கிறார்கள். இவற்றை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இதயநோய் என்றே கேட்பவருக்குத் தோன்றும். தமிழ் அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. "விசர்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனைபேர் வாயே திறப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்படியானால் தமிழ் மட்டும் போதாதா? போதாது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் கேத்தரின் ஹாரிஸ் முதலியோர் நடத்திய ஆய்வொன்று 2003இல் வெளியானது. சிறுவயதில் வாங்கிய ஏச்சுகளைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்களது உடல் அதிகமாக அதிர்ந்ததைத் தோலின் மின்கடத்தலை அளந்து கண்டார்கள். தாய்மொழி புண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. கற்ற மொழியோ சற்று எட்ட நின்று பேச இடம் தருகிறது. திருமணம் முறிந்த ஓர் இளம்பெண், தமிழில் சொல்லக் கூசுவதை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். அதே பெண் அப்பாவின் மறைவைப் பற்றிப் பேசும்போது தன்னையறியாமல் தமிழுக்குத் திரும்பலாம். இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் துணையாளரே அவருக்கு வேண்டும். தமிழ் தெரியும் என்பதற்காக மட்டும் யாரையும் நாடிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் பதிவு பெற்ற உளச்சிகிச்சையாளரா என்பதை, அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

செலவும் ஒரு தடைதான். தனியார் உளச்சிகிச்சையாளரின் கட்டணத்தை மாகாண மருத்துவக் காப்புறுதி ஏற்பதில்லை. வேலைத்தலக் காப்புறுதி இருந்தால் ஓரளவு கிடைக்கும். 2024 ஜூனில் இச்சேவைக்கான விற்பனை வரியைக் கனடா நீக்கியது சிறிய ஆறுதல்.

உயிருக்கு ஆபத்தான வேளையில் அடுத்த வாரச் சந்திப்புக்காகக் காத்திருக்க முடியாது. தற்கொலை எண்ணத்தால் தவிப்போருக்காக 2023 நவம்பர் 30 முதல் 988 என்ற எண் கனடா முழுவதும் இயங்குகிறது. ஆனால் அந்நாட்டில் இருமொழி என்றால் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். அந்த நேரத்தில் பிள்ளை இடையில் நின்று பேசத்தான் வேண்டும்.

மற்ற நாட்களில் பிள்ளையின் வேலை வேறு. ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறை வாழும் வீட்டில் அம்மாவுக்குத் தனிமை கிடைப்பது அரிது. நிறுத்திவைத்த காருக்குள் இருந்து பேசுவோரும் உண்டு. ஆகவே கணினியில் இணைப்பைச் சரிபார்த்து, காதொலிக் கருவியை அம்மாவிடம் கொடுத்து, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மணிநேரம் வெளியே போய்வரலாம். திரும்பி வந்தபின் "என்ன கதைச்சனீங்கள், அம்மா?" என்று கேட்காமலும் இருக்கலாம்.