பேஸ்கட்பால் ஆடினா சம்பளம் யார் தருவாங்க? அனிதா பால்துரை கதையில் இருக்கு பதில்

ஆவடி, அம்பத்தூர் மக்கள் தினமும் வேலைக்குப் போகும் மின்சார ரயிலை இயக்குவது தெற்கு ரயில்வே. இந்திய மகளிர் பேஸ்கட்பால் கேப்டனாக இருந்த அனிதா பால்துரைக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே தெற்கு ரயில்வேதான்.

யார் இந்த அனிதா?

சென்னையைச் சேர்ந்தவர். 19 வயதிலேயே இந்திய அணியின் கேப்டன். 9 ஆசிய சாம்பியன்ஷிப் தொடர்களில் ஆடியவர். குழந்தை பிறந்த பிறகும் அணிக்குத் திரும்பினார். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதிப்போட்டியில் கஜகஸ்தானை 75-73 என வீழ்த்தி, இந்தியா 'ஏ' பிரிவுக்கு முன்னேறியது. 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அப்போ கிளப், கான்ட்ராக்ட் எல்லாம்?

அவர் ஆடிய காலத்தில் இந்தியப் பெண்களுக்கு நிலையான புரொஃபஷனல் லீக் கிடையாது. 2015-ல் வந்த யுபிஏ லீக்கும் ஆண்களுக்குத்தான். அதுவும் சில சீசன்களில் நின்றுபோனது. தெற்கு ரயில்வேயின் இன்னொரு நட்சத்திரம் கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு முகாமுக்கும் போனார். வாய்ப்பு அமையவில்லை. ஆனால் கையில் ரயில்வே வேலை இருந்தது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கேயும் ஆரம்பத்தில் கம்பெனி டீம்தான். ஃபோர்ட் வேன் நகரில் பிஸ்டன் தயாரித்த ஃபிரெட் சோல்னரின் ஆலை அணிதான் இன்றைய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 7 அடி உயர பாப் கர்லண்ட், லீக் பக்கமே போகாமல் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் அணியில் ஆடிக்கொண்டே 1948, 1952 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். வித்தியாசம் என்னன்னா, 1949-ல் இரண்டு லீக்குகள் இணைந்து என்பிஏ ஆனது. அதன்பின் ஆட்டமே முழுநேரத் தொழிலாக வளர்ந்தது. இங்கே அந்த இடத்தை இன்னும் வேலைதான் நிரப்புகிறது.

இப்போ ஆடுறவங்களுக்கு என்ன வழி?

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எழுத்துத் தேர்வு இல்லை. மொத்தம் 100 மதிப்பெண். விளையாட்டுச் சாதனைக்கு 50, டிரையலுக்கு 40, படிப்புக்கு 10. சேர்ந்துவிட்டால், ஆடுவதை நிறுத்திய பிறகும் 60 வயது வரை வேலை உண்டு.

சிக்கலும் இருக்கு. இடங்கள் கொஞ்சம்தான். எல்லா விளையாட்டுக்கும் ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வராது. தேசிய அளவிலான சாதனை இல்லாமல் கதவு திறப்பது கஷ்டம். நன்றாக ஆடியும் அந்த ஒரு வருஷத்தைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்து எங்கே போவது என்பதற்கு எளிதான பதில் இல்லை. அதனால் பூந்தமல்லியிலோ ஆவடியிலோ வீட்டில் ஒரு பொண்ணு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால், டிகிரியை விட வேண்டாம். ஆடிய போட்டிகளின் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். 100-ல் 50 மதிப்பெண் அந்த ஃபைலில்தான் இருக்கு.