நுண்பாசிக் குளங்களில் ஜலத்தைத் திரும்ப உபயோகித்தல்

உப்பளங்களில் முற்றிய உவர்நீர் சில சமயங்களில் செந்நிறமடைவதை மரக்காணம் பகுதியார் அறிவார்கள். துனாலியெல்லா என்னும் நுண்பாசியும், உவரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்களும் அதற்குக் காரணமாம். நுண்பாசிகளிற் சிலவற்றினின்றும் எண்ணெய் எடுத்து டீசலாக மாற்றலாம். பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் அத்தகைய டீசலைக் கலந்து 2012-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி ஓட்டிக் காட்டினர்.

இத்தொழிலில் முதலிற் கவனிக்கத் தக்கது ஜலச் செலவு. திறந்த குளத்தில் நன்றாய் வளர்ந்த பாசியும், உலர்ந்த எடையில், லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஒரு கிலோ பாசிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் இறைத்து வடிக்க வேண்டும். 2011-ல் வெளியான ஒரு கணக்கின்படி, நன்னீரை ஒரே முறை உபயோகித்துக் கழித்துவிட்டால் ஒரு கிலோ டீசலுக்கு 3,726 கிலோ ஜலம் செல்லும்; வடித்த ஜலத்தைத் திரும்பக் குளத்தில் விட்டால் அதில் நூற்றுக்கு 84 பங்கும், உரத்தில் 55 பங்கும் மீதமாகும். அதிகமாய் இறைத்தால் கிணறுகளில் உவர் ஏறும் இக்கரையோரத்தில் இஃது அற்ப விஷயமன்று.

ஆயினும் திரும்ப விடுவதில் சங்கடமும் உண்டு. ஓர் ஏக்கர் குளம் 20 செ.மீ. ஆழத்தில் சுமார் எட்டு லட்சம் லிட்டர் கொள்ளும். நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியாயின் 24,000 லிட்டர் குறையும். அக்குறைவைக் கடல்நீரால் நிரப்பினால் தினந்தோறும் ஏறக்குறைய 850 கிலோ உப்பும் கூடவே வந்து சேரும். ஒரு மாதத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் குளத்தின் உவர்ப்பு இரட்டிக்கும். துனாலியெல்லா அதைத் தாங்கும். மற்றப் பாசிகள் பல தாங்கமாட்டா. ஆதலின் ஒரு பகுதியைக் கழித்தே தீரவேண்டும். உப்பளத்தை அடுத்த இடமாயின் அந்நீரைத் தனிப் பாத்திகளில் வற்றவிடலாம். உரம் கலந்த நீராதலால் அவ்வுப்பை உணவுக்கு விற்றல் தகாது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட கழுவெளியில் திறந்துவிடுதலும் கூடாது.

ஸ்பைருலினாப் பண்ணைகளில் நெருங்கிய வலைத்துணியில் வடித்து ஜலத்தை உடனே குளத்திற்குத் திருப்புகின்றனர். அது சுருளிழையாதலின் துணியில் தங்கும். எண்ணெய்ப் பாசிகளோ பெரும்பாலும் தனித்தனி அணுக்கள், துணியில் நில்லா. படிகாரமிட்டுப் படியவைத்தால் அதன் சத்து ஜலத்தில் எஞ்சும். பாசியைத் தின்னும் நுண்பிராணிகளும் திரும்பும் ஜலத்தோடு வந்து பெருகும். ஆகையால் தெளியவைத்து, மணலில் வடித்து விடுவது நலம்.

இலாபம் இன்னும் கைகூடவில்லை. 2009-ல் இதில் பெரும்பணம் இட்ட எக்ஸான்மொபில் கம்பெனியும் 2023-க்குள் விலகிற்று. பட்டா நிலத்தைப் பாசிக் குளத்திற்கு நீண்ட குத்தகைக்குக் கேட்போர் வரின், குறையும் ஜலம் எங்கிருந்து வரும், கழியும் உவர்நீர் எங்கே செல்லும் என்னும் இரண்டையும் மிராசுதார்கள் பத்திரத்திலேயே எழுதி வாங்குவது உசிதம்.