அருணாசலம் அடித்த கத்தி

இங்கிலாந்தின் பழம்பொருள் ஏலங்களில் எப்போதாவது ஒரு வேட்டைக் கத்தி விலைக்கு வரும். தடித்த முதுகு, நீண்ட அலகு, கைக்கு அடங்கிய பிடி. அலகின் மேல் ஆங்கில எழுத்தில் முத்திரை குத்தியிருக்கும்: ‘அர்ணாசெல்லம், சேலம்’. அருணாசலம் என்ற நம் ஊர்க் கொல்லரின் பெயரை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்னிந்தியக் காடுகளில் வேட்டைக்குப் போன ஆங்கில அதிகாரிகளிடம் அந்த முத்திரைக்குத் தனி மதிப்பு இருந்தது. வேட்டைக் கத்தியும் காட்டுப்பன்றியைக் குத்தும் ஈட்டியும் அந்தப் பட்டறையின் பேரை நாடறியச் செய்தன. இன்று கடல் கடந்து சேகரிப்பாளர்கள் அவரைத் தேடுகிறார்கள். சேலத்துக் கடைவீதியில் அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பவர் அரிது. இந்த ஊரின் மேல் பற்றுள்ள எனக்கு அது ஆறாத குறை.

சேலத்துக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலைக்கும் அந்தப் பேரில் பங்கு இருந்திருக்க வேண்டும். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காபி நட்டார். அவருக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் வந்தார்கள். தோட்டக்காரர்களோடு துப்பாக்கியும் வந்தது. கரடி, சிறுத்தை, காட்டெருமை, பன்றி எல்லாம் உலவிய மலை அது. ஒரு குண்டு போட்டபின் மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் பிடித்த காலத்தில், அடிபட்ட விலங்கு திரும்பிப் பாய்ந்தால் இடுப்புக் கத்திதான் கடைசித் துணை. எலும்பில் பட்டால் முனை ஒடியக் கூடாது. ரத்தமும் வியர்வையும் பட்ட கையில் பிடி வழுக்கக் கூடாது. கூடாரத்தில் கிடைக்கும் ஒரு கல்லில் தேய்த்தே கூர் திரும்ப வேண்டும். அருணாசலத்தின் பேர், உயிருக்குப் பயந்தவர்கள் கொடுத்த பேர்.

அவர் உலை மூட்டிய வட்டாரம் உருக்கில் முதிர்ந்தது. இங்கே உருக்கு செய்த முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங் குச்சியோடு மண் மூசையில் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலையை வைத்து, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளைச் சின்ன உலையில் வளைவாக அடுக்கிக் கரி போட்டு, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆவாரங் குச்சியின் கரிமம் இரும்புக்குள் ஏறி அதை உருக்காக்கும். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் உருக்குக் கட்டி கிடக்கும். சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரைக்கு இப்படி ஒரு வேலை இருந்தது.

ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கஞ்சமலையின் தாது அதற்குப் போயிற்று. ஆலை நிலைக்கவில்லை, மனிதர் ஊர் திரும்பினார். 1839இல் மாங்கனீசு சேர்த்து உருக்கு வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டில் உருக்கின் விலை அதனால் இறங்கிற்று. சீமைக் கத்தியும் சீமை இரும்பும் கப்பல் கப்பலாக இங்கே வந்து மலிந்தன. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்ததும் உலைக்குக் கரி எடுப்பதும் கடினமாகிவிட்டது. கஞ்சமலை அடிவாரத்து உலைகள் ஒவ்வொன்றாக அவிந்த கதை இதுதான். கைத்திறன் குறைந்து அழிந்ததாகச் சிலர் பேசுவார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். கரியும் விலையும்தான் தொழிலை அழித்தன.

வேட்டையும் போயிற்று. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக் கத்திக்கு மலையில் வேலை இல்லை. அது நல்லதற்கே. ஆனால் அதோடு அருணாசலத்தின் கத்தி இடுப்பிலிருந்து இறங்கி கண்ணாடிப் பேழைக்குள் போய்விட்டது.

பேழைக்குப் போன பிறகு கத்தியிடம் மனிதர்கள் கேட்பது மாறிவிடுகிறது. முத்திரை தெளிவாக இருக்கிறதா, உறை அதே காலத்துடையதா, பிடி மாற்றப்படாததா என்றுதான் சேகரிப்பாளர் பார்க்கிறார். சாணை பிடித்த அலகென்றால் விலை இறங்கும். பழைய கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் இன்னும் இறங்கும். ஒரு காலத்தில் கத்தியைப் பேணியவர் செய்த வேலையெல்லாம் இப்போது குறையாகிறது.

இந்த மாற்றத்தை வேறு ஊர்களிலும் பார்க்கலாம். இத்தாலியின் வடகிழக்கில் மானியாகோ என்ற ஊர் கத்திக்கென்றே இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் வில்லின் விசையில் அலகு தெறித்துத் திறக்கும் மடக்குக் கத்திகள் அங்கே செய்யப்படுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தெருச் சண்டையும் சினிமாவும் அவற்றுக்குக் கெட்ட பேர் வாங்கித் தர, 1958இல் அமெரிக்கா மாநிலங்களுக்கு இடையே அவற்றின் வியாபாரத்தைத் தடை செய்தது. பழைய இத்தாலியக் கத்தி வாங்குகிறவர் கொம்புப் பிடி, ஒல்லியான அலகு, பழைய வகைப் பூட்டு, திறக்கும்போது எழும் அந்தச் சத்தம் ஆகியவற்றுக்காகக் காசு கொடுக்கிறார். அலகு லேசாக ஆடினால் பொறுத்துக்கொள்கிறார். கத்தியால் வேலை செய்கிறவர் அந்த ஆட்டத்தைப் பொறுக்கமாட்டார். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தி இதற்கு உறவுக்காரன். 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்று கட்டுப்பாடு வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 2023இல் அந்த ஊர்ச் சந்திப்பில் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். தம் கைவினைக்குப் பொது இடத்தில் மரியாதை செய்ய ராம்பூருக்குத் தோன்றியிருக்கிறது. சேலத்துக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்கத்தான் வேண்டும்.

சேகரிப்பு நம் சேர்வராயன் மலைக்குப் புதிதல்ல. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் நினைவுச் சின்னமும் அங்கே இருக்கிறது. புதிய கற்காலத்து வழவழப்பான கல் கோடரிகள் சேர்வராயன் மலையில் கிடைத்தன. மலையாளிப் பழங்குடி மக்கள் அவற்றைக் கண்டெடுத்துக் கோயில்களில் பிள்ளையார் முன் அடுக்கி வைத்திருந்தார்கள். ஃபூட் இந்த மலையிலும் தென்னாட்டின் பிற இடங்களிலும் திரட்டியவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. வெட்டும் கருவி வேலை முடிந்தபின் கும்பிடத் தக்கதாகும் என்பதை அம்மக்கள் யாரும் சொல்லித் தராமலே அறிந்திருந்தார்கள்.

இப்போது மலையில் கத்தி பிடிப்பவர்கள் யார்? தோட்டத்துக் கூலியாட்கள்தான். அறுவடை முடிந்து கோடை தொடங்கும்போது காபிச் செடிக்குக் கவாத்து. மழைக்கு முன் நிழல் மரமான சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழிக்க வேண்டும். மிளகுக் கொடி ஏறிய மரமென்றால் கொடி அறுபடாமல் வெட்டுவது தனி வித்தை. கவாத்துக் கத்தி சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். பட்டை கிழிந்தால் அந்தக் காயத்தில் நோய் இறங்கும். பெண்கள் நாள் முழுதும் பிடிக்கும் கத்தி கனமாக இருந்தால் மணிக்கட்டு போய்விடும். பிடி உடைந்தால் காட்டு மரத்திலேயே புதிது செதுக்கிப் பூண் இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். பெரிய தோட்டங்களில் களை வெட்ட பெட்ரோல் இயந்திரமும், சிறு கிளைக்குக் கவாத்துக் கத்தரியும் வந்துவிட்டன. ஆனாலும் அரிவாளும் கொடுவாளும் இல்லாத வீடு மலையில் இல்லை.

சேலம் இரும்பாலை 1981இல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டத் தொடங்கியது. ஊருக்கு அது பெரிய பேர். பாத்திரத்துக்கும் நாணய வில்லைக்கும் அந்த எஃகு ஏற்றது. கொல்லர் பட்டறையில் அதற்கு வேலையில்லை. அரிவாளுக்கு அவர் தேடுவது பழைய லாரியின் வில் பட்டை. சங்ககிரி, நாமக்கல் லாரிகள் வருஷக்கணக்கில் பாரம் சுமந்து கழித்துப் போட்ட பட்டையை வாங்கி, வெட்டி, பழுக்கக் காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் கொடுத்தால் கூர் நிற்கும் அரிவாள் வரும். தோய்ச்சலில்தான் எல்லாம் இருக்கிறது. சூட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அவர் அளக்கிறார்.

வேலை செய்கிறவருக்கு வேண்டிய எல்லாம் அந்த அரிவாளில் இருக்கிறது. ஒன்றே ஒன்று இல்லை: அடித்தவர் பெயர். ஒரு தோட்டத்துக் கொட்டகையில் பத்து கொடுவாள் தொங்கினால் எது யார் பட்டறையில் பிறந்தது என்று நூறு ஆண்டு கழித்து எவராலும் சொல்ல முடியாது. அருணாசலத்தை இன்று நம்மால் பேச முடிவதற்குக் காரணம் அவர் பெயரைக் குத்திவிட்டுப் போனதுதான். சேலத்துக் கொல்லர்களிடம் நான் வேண்டுவது இதுதான். அண்ணே, உங்கள் பெயரையும் ஊரையும் தமிழில் வெட்டிய ஒரு முத்திரை உளி செய்து வைத்துக்கொள்ளுங்கள். தோய்ச்சலுக்கு முன், இரும்பு சிவந்திருக்கும்போது ஓர் அடி போதும்.