கலங்கல் தெளிய வேண்டும்: துயரங்களுக்கு ஒரு கூட்டு மின்னாவணகம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே வந்தால், களுதாவளைக்கு முன்னால் தேற்றாத்தீவு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. தேற்றா மரத்தால் வந்த பெயர் என்பார்கள். அதன் விதைதான் எங்கட தேத்தாங்கொட்டை. மண்பானைக்குள் அதை உரைத்துவிட்டுக் கலங்கல் தண்ணியை ஊற்றினால், மண் அடியில் படிந்து தண்ணி தெளியும். ஆனால் அவசரப்பட்டுப் பானையை ஆட்டக் கூடாது. துயரங்களை ஆவணப்படுத்துவதும் ஏறத்தாழ இப்படியான வேலைதான்.

இந்தக் கரை கண்ட துயரங்களை எண்ணிப் பாருங்கள். 1978 நவம்பர் 23இல் சூறாவளி. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. அவை இனம் பார்த்து வரவில்லை. 1990 அப்படியல்ல. யூலையில் காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம்களைப் புலிகள் குருக்கள்மடத்தில் கடத்திக் கொன்றார்கள். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 தமிழர் திரும்பவேயில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான்.

இவற்றை நாங்கள் தனித்தனியாகவே நினைவுகூர்கிறோம். அவரவர் ஊரில் அவரவர் பட்டியல். ஆனால் இந்தக் கரையில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. இறந்தவரின் பெயர் காத்தான்குடியில் இருக்கும். கண்ட சாட்சி பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் இருக்கலாம். மறுபக்கமும் அப்படியே. ஒரு தரப்பு மட்டும் கூடிச் செய்கிற ஆவணம் பாதி ஆவணம்தான். 'கூட்டு' என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு மின்னாவணகம் தொடங்கினார்கள். சாதாரண மக்களே தங்கள் கதை, படம், மின்னஞ்சல் என்று அனுப்பினார்கள். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் சேர்ந்தது. 2005இல் கத்ரீனா புயலுக்கும், 2013இல் பொஸ்டன் குண்டுவெடிப்புக்கும் இதே வழியில் செய்தார்கள். எங்கட நாட்டில், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது திரும்பக் கிடைக்காத ஏடுகளும் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

சரி, எப்படிச் செய்வது? முதலில், எதைச் சேர்ப்பது என்று பார்ப்போம். மரண அத்தாட்சிப் பத்திரம், முகாம் நிவாரண அட்டை, பள்ளிவாசல் மையித்துப் பதிவு, பாடசாலை இடாப்பு, பழைய படம், கடிதம், வயதானவர்களின் வாய்மொழி எல்லாமே ஆவணம்தான். சாதாரண போனிலேயே படமெடுக்கலாம், குரலையும் பதியலாம்.

அடுத்தது, ஒவ்வொன்றோடும் ஒரு விவரக் குறிப்பு வேண்டும். யார் தந்தது, யாரிடமிருந்து அவருக்கு வந்தது, கண்டதா கேட்டதா, எந்த இடம், எந்தத் தேதி. இது எங்களுக்குப் புதிதல்ல. ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்கிறோமே, அந்த ஒழுங்குதான். வட்ஸ்அப்பில் வலம்வரும் படங்களுக்கு இல்லாதது இதுதான். சுனாமிப் படமென்று வேறு நாட்டுப் படம் வருவதும் இதனால்தான்.

முரண்பாடு வந்தால் மறைக்கக் கூடாது. காத்தான்குடியில் ஷஹீதானவர்கள் 103 என்றும் 147 என்றும் இரு கணக்குகள் உண்டு. ஆவணகம் ஒன்றைப் பிடித்து மற்றதை அழிக்காது. இரண்டையும் ஆதாரத்தோடு வைக்கும். பெயர்ப் பட்டியல் வளர வளரக் கணக்கு தானாகத் தெளியும்.

மிகக் கவனமான விடயம் அனுமதி. சொன்னவர் விரும்பினால் பெயரை மறைக்க வேண்டும். இத்தனை வருடத்துக்குத் திறக்காதே என்றால் பூட்டி வைக்க வேண்டும். பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். சாட்சி சொன்னதற்காக ஒருவர் ஆபத்தில் விழக் கூடாது. அழுதுகொண்டிருப்பவரிடம் போனை நீட்டுவது ஆவணப்படுத்தல் ஆகாது. அவர் தருவது அமானிதம்.

கடைசியாக, குறைந்தது மூன்று பிரதி. அதில் ஒன்று ஊருக்கு வெளியே. ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிதாக மாற்ற வேண்டும்.

1990இல் முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு சாட்சியமும் கபுறுக்குப் போகிறது. பெரிய கட்டடமும் நிதியும் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. ஒரு முஸ்லிம் பாடசாலையும் ஒரு தமிழ்ப் பாடசாலையும் உயர்தர மாணவர்கள் பத்துப் பத்துப் பேரைச் சேர்த்துச் சூறாவளியிலிருந்தும் சுனாமியிலிருந்தும் தொடங்கலாம். எல்லாரும் சேர்ந்து இழந்ததைச் சேர்ந்து எழுதிப் பழகினால், ஒருவர் கையால் மற்றவர் இழந்ததை எழுதுகிற தைரியமும் வரும்.