பெயரறியாச் சிற்றுயிர்கள்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு நோக்கி ஆறாக வகுத்து, நந்து, முரள் என்பவற்றை ஈரறிவுயிர்களுள் வைத்தார். நந்து என்பது சங்கு, நத்தை முதலியன. முரள் இப்பி வகை.

வகுத்தறியும் அந்நோக்கு, உவர்நீர் மீன்தொட்டி அமைப்போர்க்கும் வேண்டுவதே. புதிய தொட்டியிற் கடற்கல்லை இட்டுச் சில கிழமை சென்றபின், எவரும் விடாத உயிர்கள் இரவிலே தோன்றும். அவை கல்லின் துளைகளிற் கரந்து வந்தவை.

கண்ணாடியில் ஒட்டிய வெண்சுருளைச் சிலர் நத்தைக்குஞ்சென்பர். கைவில்லையால் நோக்குக. நத்தையாயின் இடம்பெயரும், இதுவோ இருந்தவிடத்திலேயே சிறு தூவிக்கொத்தை விரிக்கும். ஆதலின் இது சுண்ணக்கூட்டில் வாழும் புழு, தீங்கற்றது. முள்மயிர் செறிந்து ஊரும் புழு அச்சந்தரினும், பெரும்பாலும் எஞ்சிய இரையை உண்டு தொட்டியைத் துப்புரவாக்கும். வெறுங்கையால் மாத்திரம் தொடலாகாது. மலர்போல் விரியும் பழுப்புநிறக் கடற்சாமந்தி ஒன்றோ முருகையைக் கொட்டிக் கெடுக்கும். அதனை நறுக்கினால், எஞ்சிய துணுக்கும் முழுவுயிராய் வளரும்.

எனவே உருவம் ஒன்றே சான்றாகாது. இயக்கமும் உணவும் உறைவிடமும் நோக்கியே இன்னதெனத் துணிதல் வேண்டும்.

இவ்வறிவு கடற்றொழிலாளரிடம் வழிவழி வந்தது. தெல்லிப்பழைக்கு வடக்கே, மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். 2017இலேயே துறைமுகம் அவர்க்கு மீண்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகள் அக்கரையைக் காணாது வளர்ந்தனர். கல்லிடுக்கில் வாழும் உயிர்களுக்கு முதியோர் வழங்கும் பெயர்களை, அவர் இருக்கும்போதே மாணவர் கேட்டு எழுதிவைப்பாராக.