வீட்டிற்குள் அசுத்தம் செய்யும் நாய்களைப் பழக்குதல்

கிராமத்தில் களத்தையும் தோட்டத்தையும் காத்துத் திரியும் நாய், மலஜலம் கழிக்க வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதனை எவரும் பழக்குவதில்லை. பெரம்பூரின் நிலைமையோ வேறு. பழைய இரயில்வே பட்டறைகளையும், 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இரயில்பெட்டித் தொழிற்சாலையையும் சுற்றி ஜனநெருக்கம் மிகுந்து, கொல்லைப்புறம் உள்ள வீடுகள் அருகிவிட்டன. மாடிக் குடியிருப்பில் வளரும் நாய் வெளியே செல்வதற்கு எஜமானனையே எதிர்பார்த்திருக்க வேண்டியதாகிறது. ஆகவே, பழக்கிய நாயுங்கூடச் சில வேளைகளில் கூடத்திலோ அறையிலோ அசுத்தம் செய்துவிடுகிறது. இதன் பொருட்டு நாயை அடிப்பாரும், தெருவில் விட்டுவிடுவாரும் உளர். இவ்விரண்டும் தவறு என்பதையும், செய்யத்தக்கது யாது என்பதையும் கீழே விளக்குவோம்.

முதலில் நோய் உண்டா எனப் பார்த்தல்

இதனை நான் கற்றது எனது பிழையினாலேயே. எங்கள் வீட்டில் வளர்ந்த 7 வயதுள்ள நாட்டுப் பெட்டை நாய், பல ஆண்டுகள் சுத்தமாக இருந்தபின், திடீரென இரவில் கூடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கிற்று. அடம் என்றெண்ணி அதட்டினேன். மாலைக்குமேல் தண்ணீர்ச் சட்டியையும் எடுத்து வைத்துவிட்டேன். 10 நாள் கழித்து, நாய் மெலிந்து சோர்ந்த பின்னரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றேன். பரிசோதனையில் நீரிழிவு என்று தெரிந்தது. மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் அந்நோயின் குறிகள். நானோ தண்ணீரைத் தடுத்து அதன் துன்பத்தைப் பெருக்கினேன்.

ஆதலால், நன்கு பழகிய நாய் திடீரெனத் தவறினால், அதனை நோயின் அறிகுறியாகவே முதலிற் கொள்ளவேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய், மூத்திரப்பை அழற்சி, மூத்திரக்கல், வயிற்றுப்போக்கு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். கருத்தடை செய்த பெட்டை நாய்களுட் சில, உறக்கத்தில் தம்மையறியாமல் சிறுநீரைச் சொட்டவிடும். இதற்கு மருந்து உண்டு. நாய் முக்கியும் சிறுநீர் இறங்காவிடில், அன்றைய தினமே சிகிச்சை செய்வித்தல் அவசியம். 1903-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, பெரம்பூருக்கு அண்மையில் வேப்பேரியிலேயே இருக்கின்றது. எக்காரணத்தாலும் குடிதண்ணீரைத் தடுக்கலாகாது.

அரைகுறையாக நின்ற பழக்கம்

நோய் இல்லையெனில், பெரும்பாலும் பழக்கம் முற்றுப்பெறவில்லை என்றே கொள்க. வளர்ந்த நாயாயினும் குட்டியைப் போலவே மீண்டும் தொடங்கவேண்டும். உறங்கி எழுந்தவுடனும், உணவு உண்டபின்னும், விளையாடிய பின்னும், இரவில் படுக்குமுன்னும் தவறாமல் வெளியே அழைத்துச் செல்க. 2 மாதக் குட்டியைப் பகலில் 2 மணி நேரத்திற்கு ஒரு முறையேனும் கொண்டுபோதல் வேண்டும். தினந்தோறும் ஒரே வழியாக, ஒரே இடத்திற்குச் செல்லுதல் நலம். நாய் கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே தட்டிக்கொடுத்துச் சிறு தின்பண்டம் கொடுக்கவேண்டும். வீடு திரும்பியபின் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. வீட்டினுள் இருக்கையில் கண்பார்வையிலேயே வைத்து, தரையை மோப்பம் பிடித்து வட்டமிடக் கண்டால் உடனே வெளியே கொண்டுசெல்க.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாய்கள் ஈரத்தரையில் இறங்க மறுக்கும். அக்காலத்தில், கூரையுள்ள ஒரு மூலையில் அகன்ற தட்டில் மணலோ புற்கரணையோ பரப்பி, அதில் கழிக்கப் பழக்கலாம்.

தண்டனை பயன்படாமை

அசுத்தத்தில் நாயின் மூக்கை அழுத்தித் தேய்க்கும் வழக்கம் அறவே ஒழியத்தக்கது. "குற்றம் செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்பர் பலர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தவறு செய்யாத நாயும் எஜமானர் கடிந்தபோது அவ்வாறே முகங்காட்டிற்று எனத் தெரியவந்தது. ஆகவே, நாம் காண்பது குற்றவுணர்ச்சியன்று. நமது கோபத்திற்கு அது அஞ்சும் அச்சமேயாம். அடிபட்ட நாய் கழிப்பதை நிறுத்தாது. கட்டிலுக்கு அடியில் நம் கண்ணில் படாமல் கழிக்கவே கற்றுக்கொள்ளும்.

அச்சத்தாலும் எல்லைக் குறியாலும்

வந்தவரைக் கண்டு பணிந்து குனிந்து சிறுநீர் விடும் நாயை அதட்டாமல், சற்று நேரம் கவனியாதிருத்தல் நன்று. தீபாவளி வெடியோசையில் நடுங்கி நனைப்பதும் அச்சமே. வெடி தொடங்குமுன் வெளியே கொண்டுசென்று வந்து, ஓசை குறைந்த உள்ளறையில் வைத்துக் காக்கவேண்டும். ஆண் நாய் சுவரோரங்களில் காலைத் தூக்கிச் சிறிது சிறிதாக விடுவது எல்லைக் குறியாகும். விதை நீக்குதலால் பல நாய்களில் இது குறையும்.

வாடையை நீக்குதல்

பழைய வாடை உள்ள இடத்திற்கே நாய் மீண்டும் செல்லும். பினாயிலின் நெடி நமது மூக்கிற்கு மட்டுமே அவ்வாடையை மறைக்கும். அம்மோனியா கலந்த திரவமோ சிறுநீரின் வாடையையே ஒத்திருக்கும். கையுறை அணிந்து ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, கழுவி, இதற்கென விற்கும் நொதி கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிடுக. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின்மேல் தூவுதலும், வினிகருடன் கலத்தலும் கூடா, நச்சுவாயு எழும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வெளிப்படக்கூடுமாதலால், துடைத்தபின் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

எருவாகாது

மாடித்தோட்டம் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. மாட்டுச்சாணம் போன்றதென எண்ணி, நாயின் மலத்தைக் கீரைப்பாத்தியிலோ தொட்டியிலோ இடலாகாது. அதிலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் அழியாதிருந்து, மண்ணளையும் குழந்தைகளின் வயிற்றிற் சென்று கண்ணையும் ஈரலையும் கெடுக்கக்கூடும். நாய்க்கு மருத்துவர் கூறும் முறைப்படி குடற்புழு மருந்து கொடுத்துவருக.

நாய் பேசாது, தரையில் விட்ட ஈரமே அது நம்மிடம் செய்துகொள்ளும் முறையீடாகவும் இருக்கலாம். தடியை எடுக்குமுன் காரணத்தைத் தேடுவோர்க்கு வீடும் சுத்தமாகும், காவலும் நிலைக்கும்.